பர்மா பஜாரிலிருந்து பர்மா நகர் வரை

வடசென்னைக்கு வீடியோ கேம் கடல் வழியாகத்தான் வந்தது. ஷோரூம், விளம்பரம், வாரண்டி அட்டை எல்லாம் பிற்பாடு. முதலில் வந்து இறங்கிய இடம் ராஜாஜி சாலை நடைபாதையில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நீண்டு கிடக்கும் பர்மா பஜார். பர்மாவில் 1962 இராணுவ ஆட்சிக்குப் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகின. இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969ல் உருவான கடைவீதி அது. டேப் ரெக்கார்டர், வாக்மேன், விசிஆர் என்று அங்கே வராத வெளிநாட்டுச் சாமான் கிடையாது. டிவியில் செருகி ஆடும் பெட்டியும் அப்படித்தான் வந்தது.

சின்ன வயதில் பிடித்த ஜாய்ஸ்டிக்கை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. கேம் உலகச் செய்திகளையும் விடாமல் படிக்கிறவன். சில வருடங்களாக அந்தச் செய்திகளில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிடி கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்துகொண்டிருக்கிறது. 2020ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் சிடி போட இடமே கிடையாது. 2024 நவம்பரில் வந்த சோனியின் பிஎஸ்5 ப்ரோவிலும் இல்லை. வேண்டுமென்றால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2025 ஜூன் 5ல் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு வரும் சில கேம் அட்டைகளுக்குள் கேமே இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சாவி மட்டும்தான். பெரிய நகரத்துப் பெரிய வீடுகளில் இதெல்லாம் வசதிக்கணக்கு. சிடி கைமாறியதால் மட்டுமே கேம் ஆடக் கிடைத்த ஊர்களில் கதை வேறு. அந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பர்மா பஜாரில் தொடங்கி, கடலை ஒட்டியே வடக்கே, எண்ணூர் பர்மா நகர் வரை போகக் கிளம்பினேன்.

நின்டெண்டோவின் ஃபாமிகாம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983ல். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்ததும் அதே வருடம்தான். தொண்ணூறுகளில் அந்த ஃபாமிகாமின் நகல் பெட்டிகள் இங்கே குவிந்தன. மஞ்சள் நிறக் கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர், உள்ளே திரும்பத் திரும்ப அதே இருபது முப்பது கேம்கள். காண்ட்ரா, மரியோ, சர்க்கஸ் சார்லி, ரோடு ஃபைட்டர், துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட். கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிவிட்டுப் போடுவோம். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி, இன்னொரு வீட்டில் கேசட், மூன்றாவது வீட்டில் கலர் டிவி என்று இருக்கும். மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால்தான் ஆட்டம்.

இன்று பஜாரில் பாதிக்கு மேல் மொபைல் கவர், சார்ஜர், கேமரா கடைகள். நடுநடுவே இருக்கும் கேம் கடைகளில் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிஎஸ்4 சிடியைக் கொடுத்து வேறொன்று கேட்டார். கடைக்காரர் சிடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஓரத்தில் மட்டும் விரல் படும்படி பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு முடிக்கோடு. நகத்தால் தடவினார். “இது மேலோட்டமா இருக்குதுப்பா, எடுத்துக்கறேன். ஆழமா இருந்தா வேணாம்னு இருப்பேன். பிஎஸ்2 சிடின்னா பாலிஷ் போட்டு ஓட்டிடலாம். இதுல முடியாது.” அவர் சொன்னது சரி. பிஎஸ்2 ஆடிய டிவிடியில் தகவல் பதிந்த அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. மேலே தேய்த்துக் கீறலை எடுக்கலாம். பிஎஸ்4, பிஎஸ்5 ஆடும் ப்ளூரேயில் அது 0.1 மில்லிமீட்டரில், கெட்டியான ஒரு பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. தேய்த்தால் கேமும் போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது.

இந்தப் பஜாருக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பிஎஸ்2 காலத்தில் இங்கே விற்றதில் பெரும்பகுதி திருட்டு சிடி. பெட்டிக்குள் சிப் வைத்துக் கொடுப்பார்கள், எந்த நகலும் ஓடும். போலீஸ் வரும், கடை மூடும், மறுபடி திறக்கும். அது தவறு, ஒரு கேமைச் செய்ய எத்தனை பேர் எத்தனை வருடம் உழைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அன்று ஆடிய பையன்களின் பழக்கம் நகலோடு நின்றுவிடவில்லை. வேலைக்குப் போய்க் காசு பார்த்ததும் அசல் சிடி வாங்கினார்கள். ஒரு புது பிஎஸ்5 கேம் ஐயாயிரம் ரூபாய் அளவில் வரும். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தலைக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது. ஆடி முடித்து விற்றால் அதிலும் பாதி திரும்பும். சிடி இருப்பதால்தான் இந்தக் கணக்கு நடக்கிறது.

2013ல் மைக்ரோசாஃப்ட் இந்தக் கணக்கில் கை வைத்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய சிடியை விற்கவும் இரவல் கொடுக்கவும் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஆஜர் என்று அறிவித்தது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். ஜூன் 19ஆம் தேதி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சண்டைக்கு நடுவில் சோனி ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. கேமை எப்படி நண்பருக்குக் கொடுப்பது என்று விளக்கும் வீடியோ. ஒருவர் சிடியை நீட்டுகிறார், இன்னொருவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். கேம் நிறுவனங்கள் எடுத்த விளம்பரங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது அது. பதினோரு வருடம் கழித்து அதே நிறுவனம் சிடி வாய் இல்லாத பிஎஸ்5 ப்ரோவை விற்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பீச் ஸ்டேஷனைத் தாண்டி ராயபுரம். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட ஸ்டேஷன் இங்கே இன்னும் நிற்கிறது. ரயில்காரர்கள் அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் தேடிப் போனது அதற்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் ஒரு மெக்கானிக்கை.

பத்துக்குப் பத்து அறை. சுவரில் திறந்த பிஎஸ்3, பிஎஸ்4 உடல்கள். மேசை விளக்கின் கீழே அவர் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து வைத்திருந்தார். ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நகர்ந்தால் ட்ரிஃப்ட் என்று சொல்வோம். கட்டை விரலால் சுழற்றும் குமிழுக்குப் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பச்சைப் பெட்டிகள் இருக்கும். அதற்குள் ஒரு கரித்தடம். அதன் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே போகிறது. லட்சம் முறை உரசினால் தடம் தேயும், மின்னழுத்தம் மாறும், நடு எது என்று ஜாய்ஸ்டிக்குக்குத் தெரியாமல் போகும். அவர் பழையதை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குமிழை வைத்துக்கொண்டிருந்தார். அதில் உரசல் கிடையாது, தேய்மானமும் கிடையாது. இவ்வளவு தெரிந்த ஒரு தீர்வைப் பெட்டி வாங்கும்போதே கொடுக்காததற்கு எனக்கு நல்ல காரணம் ஒன்றும் தெரியவில்லை.

“நம்ம ஏரியா பெட்டிக்கு மொதல் எதிரி உப்புக்காத்துண்ணா” என்றார். ஹெச்டிஎம்ஐ வாயைக் காட்டினார். செம்புப் பற்களில் பச்சை பூத்திருந்தது. “இது காசிமேட்டுப் பெட்டி. எண்ணூர் பெட்டி இன்னா தெரியுமா? தொறந்தாலே சொல்லிடுவேன். ஃபேன்ல கறுப்பா, மாவு மாதிரி இருக்கும். நிலக்கரி. ஊதினா போவாது, பிரஷ் போட்டு எடுக்கணும்.” ஒரு பிஎஸ்4 மின்விசிறியை எடுத்து என் உள்ளங்கையில் தட்டினார். விபூதியைவிட மெல்லிய கருந்தூள். நிலக்கரியும் இரும்புத்தாதும் ராயபுரத்து வீடுகளில் படிகின்றன என்று மக்கள் போராடி, நீதிமன்றம் தலையிட்டு, 2011ல் சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்குகளைக் கையாளுவது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. தூசும் அங்கே போயிற்று. என் கையில் இருந்தது அதுதான்.

அவரிடம் பெட்டி கொடுப்பவர்கள் யாரென்று கேட்டேன். போட்டில் போகிற பையன்கள், லோடு ஏற்றுகிறவர்கள், ஐடிஐ படித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் குறைவு. அவர் பழுது பார்த்துக் கொடுத்த பிஎஸ்2 ஒன்று ஐந்தாவது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். சோனி 2013ல் பிஎஸ்2 தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

காசிமேட்டில் சாயங்காலம் ஐஸ் வண்டிகளுக்கும் மீன்கூடைகளுக்கும் ஊடே நடந்தால், மாடிப்படிக்கு அடியில் ஒரு கேம் சென்டர் கிடைக்கும். மூன்று டிவி, இரண்டு பிஎஸ்4, மூலையில் ஒரு தடித்த பழைய பிஎஸ்2. மணிக்கணக்குக்குக் காசு. பிஎஸ்4ல் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டமெல்லாம் பிஎஸ்2 முன்னால்தான். 2003ல் வந்த ஸ்மாக்டவுன் ‘ஹியர் கம்ஸ் த பெயின்’. திரையில் அண்டர்டேக்கரும் ப்ராக் லெஸ்னரும். ஆடுகிறவர்கள் அந்த கேம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். “தோத்தவன் எந்திரி” என்பதுதான் இங்கே சட்டம். தோற்றவன் முனகிக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுக்கிறான். பின்னால் நிற்கும் ஆறேழு பேரும் ஆளுக்கொரு யோசனை கத்துகிறார்கள். வடசென்னைத் தெருக்களில் கேரம் போர்டைச் சுற்றியும் இப்படித்தான் நிற்பார்கள். அப்படி நின்றவர்களிலிருந்துதான் 1996ல் அர்ஜுனா விருது வாங்கிய மரியா இருதயமும், 2024ல் அமெரிக்காவில் உலகக் கோப்பை வென்ற காசிமாவும் வந்தார்கள்.

சென்டர் நடத்துபவர் ஒரு மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். பிஎஸ்2 மெமரி கார்டுகள். தீப்பெட்டி அளவுதான், உள்ளே எட்டு எம்பி. அந்த எட்டு எம்பிக்குள் ஒருவனுடைய சான் ஆண்ட்ரியாஸ் பாதிக் கதை, இன்னொருவன் வென்ற சாம்பியன்ஷிப் பெல்ட். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் போட்டின் பெயர் எழுதியிருந்தது. கடலுக்குப் போனால் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். கார்டை எடுத்துப்போனால் உப்புத்தண்ணீரில் போய்விடும் என்று இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். “அதுதான்ண்ணா நமக்கு சீசன். ஆனா அவனுங்க கையில காசு இருக்காத நாளும் அதுதான். பாதி கடன்ல ஓடும், ஜூன் கடைசியில குடுத்துருவாங்க” என்றார்.

இந்த டிராயரை கேம் நிறுவனங்களின் தலைவர்கள் வந்து பார்க்க வேண்டும். 2024ல் யுபிசாஃப்ட் தன் ‘த க்ரூ’ என்ற கார் கேமின் சர்வரை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் சிடி இருந்தும் கேம் ஓடவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்தது. காசிமேட்டில் 2003ஆம் வருடத்து கேம் இன்றைக்கும் கூச்சலோடு ஓடுகிறதென்றால், அதற்கு யாருடைய சர்வரின் தயவும் தேவைப்படவில்லை.

ஷேர் ஆட்டோவில் டோல்கேட் வந்து மெட்ரோ ஏறினேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பாதை இது. ரயில் உயரத்தில் போவதால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆலைக் கூரைகள். திருவொற்றியூரின் பழைய பெருமை தியாகராஜர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும். என் மனம் நின்றது வேறிடத்தில். எம்ஆர்எஃப் 1946ல் இந்த ஊரில் ஒரு கொட்டகையில் தொடங்கியபோது செய்தது டயர் இல்லை, குழந்தைகள் ஊதும் பலூன். 1955ல் இங்கே எழுந்தது என்ஃபீல்டு ஆலை. புல்லட்டைப் பெற்ற இங்கிலாந்தில் 1970 வாக்கில் என்ஃபீல்டு வண்டித் தயாரிப்பே நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பெற்றவர்கள் கைவிட்ட இயந்திரத்தை இந்த ஊர்க் கைகள் பழுது பார்த்து, பாகம் செய்து, ஓட்டி, கடைசியில் உலகத்துக்கே திருப்பி விற்றன. ராயபுரம் சந்தில் பார்த்த மெக்கானிக்கும் அந்த வம்சம்தான்.

விம்கோ நகரில் இறங்கியதும் லாரி வரிசை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, ஓட்டுநர்கள் அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். எனக்கு ‘ஷென்மூ’ ஞாபகம் வந்தது. 1999ல் சேகா ட்ரீம்காஸ்டில் வந்த கேம். செய்தவர் யூ சுசுகி. கதை 1986ல் ஜப்பானின் யோகோசுகாவில் நடக்கிறது. தந்தையைக் கொன்றவனைத் தேடும் ரியோ, துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையில் சேர்கிறான். காலையில் போட்டி ஓட்டம், பிறகு மரப்பெட்டிகளைத் தூக்கி ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் சாப்பாட்டு நேரம். சாகசக் கதையின் நடுவில் ஒரு கூலி வேலையை நாள் கணக்கில் ஆட வைத்தது அந்த கேம். பலர் அலுப்பு என்றார்கள். எனக்கு அது கேம்களில் அபூர்வமாகக் கிடைக்கும் மரியாதை. ஜிடிஏ 5லும் ட்ரெவர் துறைமுகத் தொழிலாளி வேடம் போட்டுக் கண்டெய்னர் தூக்குவான். ஆனால் அங்கே துறைமுகம் கொள்ளைக்கு வேவு பார்க்கும் இடம் மட்டுமே. எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிய நின்றுகொண்டு, எண்ணூரை யாராவது யோகோசுகாவைப் போல அக்கறையோடு செய்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கினேன். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவும் ஆட்கள், சாம்பல் மேடு, வானத்தில் புகைபோக்கிகள். ஒரு கேம் உலகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பர்மா நகர் கத்திவாக்கம் பக்கம். பெயரிலேயே பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கதை இருக்கிறது. 2023 டிசம்பர் இந்தப் பகுதிக்குக் கொடிய மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. 26ஆம் தேதி நள்ளிரவையொட்டிக் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, சின்னக்குப்பம், பெரியகுப்பம், பர்மா நகர் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள்.

மெக்கானிக் சொல்லி அனுப்பிய வீட்டில் ஐந்து பையன்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டூல் மேல் பிஎஸ்4, அதன் மேல் தூசுக்காக ஈரம் பிழிந்த ஈரிழைத் துண்டு. ஆடும்போது மட்டும் எடுப்பார்கள். கையோடு கொண்டுபோன ஸ்விட்சில் ‘வெண்பா’வைப் போட்டுக் காட்டினேன். 2023ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1988ல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையலே விளையாட்டு. மறு வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. முதல் அத்தியாயம் இட்லி. நாயகியின் அம்மா எழுதிய குறிப்பு சிதைந்து போயிருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் புதிர். பையன்கள் விழித்தார்கள். வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “டேய், தட்டை மாத்தி மாத்தி வைடா, நேரா வெச்சா வேவாது” என்றார். வைத்தார்கள். வெந்தது. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வீடே நிறைந்துவிட்டது.

இந்த வெண்பாவை நான் வாங்கியது இணையத்தில்தான். ஒரு சின்னக் குழு கடையும் கப்பலும் இல்லாமல் எண்ணூர் வரை வந்து சேர முடிந்தது அந்த வழியால்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் இருக்கும் வெண்பாவை அந்தப் பையன்களிடம் விட்டுவிட்டு வர எனக்கு வழியில்லை. அட்டையாக இருந்து, அதை ஆட அவர்களிடம் ஒரு ஸ்விட்சும் இருந்தால், அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

பேச்சு ஜிடிஏ 6க்குத் திரும்பியது. 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், இப்போது 2026 நவம்பர் 19. பிஎஸ்4ல் ஓடாது, பிஎஸ்5 வேண்டும். ஐந்து பேரும் மாதச் சீட்டு போட்டு வருகிறார்கள். ராயபுரத்து மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்: பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, சிடி போடுகிற மாடல்தான் வேண்டும். ஒருவன் நோட்டைக் காட்டினான். ஒரு பக்கத்தில் சீட்டுக் கணக்கு, மறுபக்கத்தில் யார் யார் வீட்டில் எந்த வாரம் பெட்டி இருக்கும் என்ற பட்டியல். போட்டில் போகிறவன் கரையில் இருக்கும் வாரம் முதலில், பரீட்சை எழுதுகிறவனுக்கு முடிந்த பிறகு, ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு இரவு ஷிஃப்ட் இல்லாத வாரம்.

“சிடியில மட்டும் ஒரு பங்கு எடுத்துக்கறீங்களாண்ணா? நீங்க ஆல்ரெடி பெட்டி வெச்சிருக்கீங்க, சிடி வந்தாப் போதும்ல?”

எடுத்துக்கொண்டேன். என் பெயரை ஆறாவதாக எழுதினான். பொங்கலுக்கு முந்தின வாரம் ராயபுரத்தில் வந்து சிடியை வாங்கிக்கொள்ள வேண்டும். கீறல் விழாமல் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை.